ஒட்டும் மடலும்: ஆறாப் புண்களிலும் மயிர்ப்புரை நோயிலும் தோல்மடல் அறுவை

முன்னுரை

தோலைக் கொண்டு புண்ணை மூடும் அறுவை முறைகள் அனைத்தையும் 'ஒட்டு' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது தமிழில் மருத்துவம் எழுதுவோரிடையே பரவலாகக் காணப்படும் வழக்கம். அறுவை மருத்துவத்திலோ இவை இருவேறு முறைகள். ஒன்று கைகொடுக்கும் இடத்தில் மற்றொன்று அழுகிப்போகும். இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தி, முதுகின் கீழ்முனையில் தோன்றும் மயிர்ப்புரை நோயில் தோல்மடல் எவ்வாறு பயன்படுகிறது என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஒட்டும் மடலும்

ஒட்டு என்பது ஓரிடத்திலிருந்து முற்றிலும் அறுத்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் பரப்பப்படும் தோல். அதற்கெனத் தனிக் குருதியோட்டம் இல்லை. முதல் ஓரிரு நாள்கள் அடித்தளத்தில் ஊறும் நீரை உறிஞ்சியே அது உயிர் வாழ்கிறது. பின்னரே நுண்குழல்கள் அதனுள் வளர்கின்றன. ஆகவே, குருதி வளமுள்ள தசை மீதோ செந்நிறத் திசு மீதோ ஒட்டு பிடிக்கும். உறை நீங்கி வெளித்தெரியும் எலும்பின் மீது பிடிக்காது. விபத்தில் முழந்தாளுக்குக் கீழே தோல் பிய்ந்து எலும்பு தெரியும் நிலையில் ஒட்டு பயன்படாமைக்கு இதுவே காரணம்.

மடல் அத்தகையது அன்று. தென்னை மடலும் காது மடலும் ஒருபுறம் தாயுறுப்போடு இணைந்தே இருப்பதைப் போலத் தோல்மடலும் ஒருபுறம் உடலோடு இணைந்தவாறே பெயர்த்துத் திருப்பப்படுகிறது. அவ்விணைப்பின் வழியே தனக்குரிய குருதியை அது உடன் கொண்டுவருகிறது. எனவே இவ்வறுவைக்கு 'மடல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இம்முறை தொன்மையானது. கன்னத் தோலைக் கொண்டு மூக்கை அமைக்கும் முறை சுசுருத சங்கிதையில் கூறப்படுகிறது. மூக்கின் அளவுக்கு இலையை நறுக்கி, அவ்வளவில் தோலைப் பெயர்க்க வேண்டும் என்பது அதன் நுட்பம். நெற்றித் தோலைத் திருப்பி மூக்கமைத்த இந்திய அறுவை ஒன்றைப் பற்றிய செய்தி 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதனால் தூண்டப்பட்ட கார்ப்யூ 1814இல் இங்கிலாந்தில் அவ்வறுவையைச் செய்தார்.

மடலின் நீளத்திற்கு எல்லை உண்டு. குருதி வளம் மிக்க முகத்தில் நீண்ட மடலும் பிழைக்கும். காலில் அகலத்தை மீறி நீண்டால் நுனி கருகும். தோலோடு அதன் அடியிலுள்ள இழையுறையையும் சேர்த்துப் பெயர்த்தால் காலிலும் நீண்ட மடல் பிழைக்கும் என்பதைச் சுவீடன் மருத்துவர் பொன்டேன் 1981இல் காட்டினார்.

மயிர்ப்புரை

பிட்டப் பிளவின் மேற்பகுதியில், நடுக்கோட்டில், ஊசித்துளை போன்ற குழிகளும் அவற்றின் உள்ளே உதிர்ந்த மயிர்க்கற்றையும் சீழும் கொண்ட புரையும் அமைவது இந்நோய். 1880இல் ஹாட்ஜஸ் இதற்கு இட்ட இலத்தீன் பெயருக்கு 'மயிர்க்கூடு' என்பது பொருள். 'புரையோடிய புண்' எனத் தமிழர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதால் 'மயிர்ப்புரை' என்பது இங்கு ஆளப்படுகிறது. ஆசனவாயோடு தொடர்புடைய பவுத்திரம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் சிகிச்சை திசைமாறும். இடத்தின் கூச்சம் கருதி இளைஞர் பலர் சீழ் வடிவதை வீட்டாரிடமும் சொல்வதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் ஏறத்தாழ 79,000 பேர் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். குலுங்கும் வண்டிப் பயணத்தோடு இணைத்து இதனை 'ஜீப் நோய்' என்றனர். பிறவிக் குறையே காரணம் என்ற கருத்து அக்காலத்தில் வலுவாக இருந்தது. அதனை அசைத்தவை முடிதிருத்துவோரின் கைகள். பிறர் மயிர் விரலிடுக்கில் குத்தி உள்நுழைந்து அவர்களுக்கும் இதே புரை தோன்றுவதைப் பேட்டியும் ஸ்கார்ஃபும் 1946இல் சுட்டினர். கைவிரலிடுக்கில் பிறவி மயிர்க்கூடு இருக்க வழியில்லை அல்லவா?

கிரேக்கப் படை மருத்துவர் கரிடாகிஸ் இதனை மூன்று காரணிகளாக விளக்கினார்: உதிர்ந்த மயிர், அதனை உட்செலுத்தும் விசை, இடந்தரும் தோல். மயிரின் மேற்பரப்பிலுள்ள செதில்கள் அம்பின் முள் போன்றவை. வேர்முனை முதலில் நுழைந்துவிட்டால் ஒவ்வோர் அசைவும் அதனை உள்ளேயே தள்ளும். ஆழ்ந்த பிளவும் வியர்வையும் தோலை ஊறவைத்து வழிவிடுகின்றன.

நடுக்கோட்டுத் தழும்பின் சிக்கல்

சீழ்க்கட்டியாக இருக்கும்போது கீறிச் சீழை வடிப்பதே முதற்பணி, மடல் அதன்பின். நாட்பட்ட புரையை அகற்றியபின் புண்ணைத் திறந்தே விட்டால் மறுபடி வரும் வாய்ப்புக் குறைவு. ஆனால் ஆறுவதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டிய நிலையில் கூலிக்குச் செல்பவர் என்ன செய்வார் என்ற வினாவைப் பாடநூல்கள் எழுப்புவதில்லை. நேராக இழுத்து நடுக்கோட்டில் தைத்தால் விரைவில் ஆறும். ஆயின் தழும்பு அதே பிளவின் ஆழத்திலேயே அமைகிறது. புதிய தழும்பு மெலிந்தது. மயிருக்கு மீண்டும் வழி கிடைத்துவிடுகிறது. நடுக்கோட்டை விலகித் தைப்பதே மேல் என்பதை ஒப்பீட்டு ஆய்வுகளின் தொகுப்புகளும் காட்டுகின்றன. நேர்த்தையல் எளிது என்பதற்காக அதனைத் தொடர்வது இன்று நியாயப்படுத்த இயலாதது.

கரிடாகிஸ் முறையில் ஒருபுறம் சாய்ந்த நீள்வட்டமாகப் புரை அகற்றப்பட்டு, நடுப்பக்க விளிம்பு தளர்த்தப்பட்டு மறுபக்கம் இழுத்துத் தைக்கப்படுகிறது. தழும்பு பக்கவாட்டில் அமைகிறது; பிளவும் ஆழம் குறைகிறது. 1992இல் அவர் 6,545 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது மறுதோற்றம் 1 விழுக்காட்டுக்கும் குறைவு எனக் குறித்தார். இது அவரே அறுத்து அவரே கணக்கிட்டது என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

புரை அகன்றிருந்தால் லெனின்கிராடு மருத்துவர் லிம்பெர்க்கின் சாய்சதுர மடல் உதவும். புரை 60, 120 பாகைக் கோணங்களுள்ள சாய்சதுரமாக அகற்றப்படுகிறது. இதன் குறுகிய மூலைவிட்டமும் பக்கமும் ஒரே நீளம். அதுவே இம்முறையின் சூட்சுமம். அம்மூலைவிட்டத்தை ஒரு பிட்டத்தின் மீது அதே நீளத்திற்கு நீட்டி, அதன் முனையிலிருந்து சாய்சதுரத்தின் பக்கத்திற்கு இணையாக அதே நீளத்தில் இன்னொரு கோடு வெட்டினால், குழியின் அளவே கொண்ட மடல் கிடைக்கும். பிட்டத் தசையின் உறையோடு அதனைப் பெயர்த்துக் குழிக்குள் திருப்ப, மடல் விட்டுச்சென்ற இடத்தை நேராகத் தைத்துவிடலாம். வேறு ஒட்டுத் தேவையில்லை. கீழ்முனை மட்டும் ஆசனவாய் அருகே நடுக்கோட்டில் நின்றுவிடுவதால் நோய் அங்கே திரும்பக்கூடும். அதனால் அம்முனையை ஓரிரு செ.மீ. பக்கம் விலக்கி வெட்டும் திருத்தம் பின்னர் வழக்கத்திற்கு வந்தது.

மடலைக் காத்தல்

அறுவைக்குப் பின் மடலின் நிறமே செய்தி. வெளிறிக் குளிர்ந்தால் குருதி வரவில்லை. நீலம் பாய்ந்து வீங்கினால் வந்த குருதி திரும்பவில்லை. தையலின் இறுக்கமும் அடியில் தேங்கும் குருதிக் கட்டியும் இவ்விரண்டுக்கும் காரணமாகலாம். உடனே கவனித்தால் மடலை மீட்கலாம். புகைப்பவரின் நுண்குழல்கள் சுருங்குவதால் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே புகையை நிறுத்தச் சொல்கின்றனர். சுற்றியுள்ள மயிரைக் களைவது மறுதோற்றத்தைக் குறைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. எனினும், முதுகிலிருந்தும் தலையிலிருந்தும் உதிர்ந்த மயிரும் பிளவில் வந்து சேரக்கூடும் என்பதால், குளித்தபின் அவ்விடத்தைக் கழுவித் துடைத்து உலர்வாக வைத்தலையும் நோயாளிக்கு எடுத்துரைக்க வேண்டும்.