பவளத் தொட்டியில் பாசிக் கட்டுப்பாடு

பவளத் தொட்டியில் பாசிக் கட்டுப்பாடு என்பது, உயிருள்ள பவளங்களை வளர்க்கும் வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் வேண்டாத பாசிகள் பெருகாமல் தடுக்கும் பராமரிப்பு முறையாகும். மயிர்ப்பாசி, குமிழ்ப்பாசி போன்றவை பவளங்களின் மீது படர்ந்து, ஒளியை மறைத்து அவற்றை அழிக்கக்கூடும்.

காரணம்

எஞ்சிய உணவு, மீன்களின் கழிவு, குழாய்நீர் ஆகியவற்றிலிருந்து சேரும் நைட்ரேட்டும் பாசுபேட்டும் பாசிக்கு உரமாகின்றன. அடர்ந்து வளர்ந்த பாசி இவற்றை உறிஞ்சிவிடுவதால், நீர்ச் சோதனையில் அளவு குறைவாகத் தெரியலாம்.

கட்டுப்படுத்தும் முறைகள்

பாசியைக் கையால் பிடுங்கி வெளியேற்றுவது முதற்படியாகும். உணவைக் குறைத்தல், எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தூய்மையாக்கிய நீரைப் பயன்படுத்துதல், புரத நுரைப்பிரிப்பான் பொருத்துதல் ஆகியன சத்துகள் சேர்வதைக் குறைக்கின்றன. இரும்பு ஆக்சைடு மணிகள் பாசுபேட்டை ஈர்த்துக்கொள்கின்றன. துணைத்தொட்டியில் கீட்டோமார்பா பாசியை வளர்த்து, அவ்வப்போது அறுத்தெடுப்பதும் உண்டு.

டர்போ நத்தைகள், மஞ்சள் டாங் மீன்கள் முதலியன பாசியை மேய்கின்றன. இயற்கையிலும் இத்தகைய மேய்ச்சல் இன்றியமையாதது. 1983-84 இல் கரிபியக் கடலில் டையடெமா கடல் முள்ளெலிகள் திரளாக மடிந்தபின், யமேக்காவின் பவளப்பாறைகளைப் பாசி மூடியது.

எச்சரிக்கை

சத்துகளை முற்றிலும் நீக்குவதும் தீங்கானது. பவளத்தினுள் வாழும் கூட்டுயிர்ப் பாசிகளுக்கு அவை சிறிதளவு தேவை. அவை அறவே இல்லாத நீரில் பவளங்கள் வெளிறக்கூடும், டைனோபிளாசெலேட்டுகளும் பெருகலாம்.