எட்டைச் சுருக்கினால் ஏறும் சைக்கிள்

எங்கள் மலைநாட்டுத் தோட்ட ஊரான வட்டகொடையில் சமதரை என்று சொல்ல நாலைந்து இடங்கள்தான் தேறும்: ரயில் பிளாட்பாரம், ஸ்டோர் முற்றம், கோயில் வாசல், காலையில் வேலைக்குப் பேர் பதியக் கூடும் பெரட்டுக்களம். தோட்டத்துப் பிள்ளை சைக்கிள் பழகுவதும் இப்படிப்பட்ட இடங்களில்தான். நான் பெரட்டுக்களத்தில் பழகினேன். அப்பாவின் சைக்கிள் பெரிய கறுப்பு வண்டி. சீட்டில் உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டாது. பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து, அரைப் பெடல் அடித்தே வட்டம் சுற்றினேன். அண்ணன் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவான்.

பெரட்டுக்களத்தைத் தாண்டினால் ரோடு ஒன்று ஏறும், இல்லையென்றால் இறங்கும். நான் முதன்முதலாக வெளியே எடுத்தபோது அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏத்தத்துல சைக்கிள நாம தள்ளணும்டா. எறக்கத்துல அது நம்மள தள்ளிரும். பாத்துப் போ."

மலைநாட்டில் சைக்கிள் ஏன் இத்தனை குறைவு என்பதற்கான விளக்கம் முழுவதும் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. ஆனால் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. அப்பா பேசியது அவரிடமிருந்த சைக்கிளை வைத்து. அது யாழ்ப்பாணத்துக்கோ புத்தளத்துக்கோ ஏற்ற சைக்கிள். மலைக்கு ஏற்ற சைக்கிளும் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சில பற்களில்தான்.

கணக்கைப் பார்ப்போம். ஓட்டுகிறவரின் எடை 60 கிலோ, சைக்கிள் 18 கிலோ, மொத்தம் 78. சாதாரண உடல்நலமுள்ள ஒருவர் மூச்சு வாங்காமல் தொடர்ந்து தரக்கூடிய சக்தி சுமார் 75 வாட். பழைய குண்டு பல்பு ஒன்றை எரிக்கத்தான் அது போதும். ஆனாலும் சமதரையில் அந்த 75 வாட்டை வைத்து மணிக்கு 15, 16 கிலோமீட்டர் போய்விடலாம். அதே செலவில் நடந்தால் 5 கிலோமீட்டர்தான். மனிதன் செய்த வாகனங்களில் இவ்வளவு சிக்கனமானது வேறில்லை என்று சைக்கிளைப் புகழ்வது இதனால்தான்.

இப்போது அதே ஆளை நம் ரோட்டில் ஏற்றுங்கள். 100 மீட்டர் போவதற்குள் 8 மீட்டர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அது சாதாரண ஏற்றம். காற்றை எதிர்ப்பதற்கும் டயர் உருளுவதற்கும் ஆகும் செலவு இப்போது அற்பமாகிவிடுகிறது. சக்தி எல்லாம் 78 கிலோவை மேலே தூக்குவதில் கரைகிறது. அதே 75 வாட்டில் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர்தான். நடக்கிற வேகம். அந்த வேகத்தில் முன்சில்லு இப்படியும் அப்படியும் அலையும். சைக்கிளில் நாம் விழாமல் இருப்பது, சாயும் பக்கம் ஹாண்டிலைத் திருப்பிச் சில்லுகளை நம் எடைக்குக் கீழே கொண்டுவந்துகொண்டே இருப்பதால்தான். வண்டி மெதுவாகப் போகப் போக அந்தத் திருத்தம் பெரிதாக வேண்டியிருக்கிறது, தோள் களைக்கிறது. அதனால் இறங்கித் தள்ளுகிறோம்.

ஆனால் வேகத்தைவிடப் பெரிய தடை காலில் இருக்கிறது. அப்பாவின் சைக்கிள் போன்ற பெரிய வண்டிகளில் பெடல் பக்கத்துச் சக்கரத்துக்கு 44 பல், பின்சில்லில் 18 பல் இருக்கும். பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் பின்சில்லு ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி சுமார் 5.4 மீட்டர் முன்னேறும். சமதரையில் அது கச்சிதமான எட்டு. ஆனால் மேலே சொன்ன ஏற்றத்தில் அந்த எட்டை வைக்க, பெடல் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் காலில் 50 கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். ஆளின் எடையே 60 கிலோதான். அதாவது எழுந்து நின்று, முழு உடம்பையும் பெடல்மீது போட்டால்தான் வண்டி நகரும். அப்படி நாலு லாம்புக் கம்பம் தூரம் போகலாம். லயத்து வீடு வரை போக முடியாது.

கொழுந்து மூட்டையோடு மலையேறும் பெண்களைப் பாருங்கள். நெற்றியில் கயிறு, முதுகில் பாரம். யாரும் அகலமாக எட்டு வைப்பதில்லை. அடியைக் குறுக்கி, பாதம் பாதமாக, அதிக எட்டுகள் வைத்து ஏறுகிறார்கள். பாதையும் நேராக ஏறாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். எட்டு சிறுத்தால் எட்டுக்கு எட்டு தூக்க வேண்டிய உயரம் குறைகிறது, முழங்கால் தாங்குகிறது. மொத்த வேலை குறைவதில்லை. அது சில்லறையாகப் பிரிகிறது, அவ்வளவுதான்.

சைக்கிளில் கியர் செய்வது இதையேதான். முன்னால் 28 பல், பின்னால் 28 பல் என்று செயினை மாற்றிவிட்டால் பெடலின் ஒரு சுற்றுக்குப் பின்சில்லும் ஒரே சுற்றுத்தான். 26 அங்குலச் சில்லுள்ள வண்டி அதில் 2 மீட்டர் சொச்சம் நகரும். காலில் வேண்டிய அழுத்தம் 20 கிலோவுக்கு வந்துவிடும். இருந்த இடத்தில் உட்கார்ந்தே மிதிக்கலாம், பேசிக்கொண்டே மிதிக்கலாம். வேகம் கூடாது, அதே 4 கிலோமீட்டர்தான். ஆனால் ஏறிவிடலாம்.

ஏற்றத்தைச் சில்லறையாக்கும் இந்த யோசனை நம் ஊருக்குப் புதிதில்லை. ரயில் பாதை போட்டவர்கள் அதைத்தான் செய்தார்கள். இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு 1 அடிக்கு மேல் உயராதபடி பார்த்துக்கொண்டார்கள். தலவாக்கலையை விட்டு வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், நானுஓயா என்று ரயில் அத்தனை வளைவுகள் எடுப்பது அந்தக் கணக்குக்காகத்தான். நானுஓயா வரை ரயில் வந்தது 1885இல். அதே 1885இல்தான் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு சில்லும் பின்சில்லை ஓட்டும் செயினுமாக 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளுக்கெல்லாம் மூத்தது அது. 1888இல் டன்லொப் காற்றடைத்த டயரைச் செய்தார்.

அந்த டயர் இன்னொரு விதத்தில் எங்கள் மக்களைத் தொட்டது. ரப்பர் கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தது 1876இல். முதலில் சைக்கிளும் பிறகு மோட்டார் காரும் உலகமெங்கும் டயர் கேட்கத் தொடங்கியதும் களுத்துறை, கேகாலைப் பக்கம் ரப்பர் மலைகள் பரவின. அங்கே விடியற்காலையில் பால் வெட்டப் போனவர்களில் பலர் தேயிலைக்கு வந்தவர்களின் சொந்தக்காரர்கள். சைக்கிளை வாங்க வழியில்லாத காலத்திலேயே அதன் டயருக்குப் பாடுபட்ட கைகள் அவை. சைக்கிள் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை எழுதாமல் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கியரும் மலையடிவாரத்தில்தான் வேரூன்றியது. பிரான்சில் சான்தேத்தியேன் நகரைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறி இறங்கிய போல் த விவீ, பல கியர் வைத்த சைக்கிளுக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடினார். 'வெலோசியோ' என்ற பெயரில் எழுதியவர். கியர் வைப்பது வீரத்துக்கு இழுக்கு என்று அன்று பலர் நினைத்தார்கள். டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் செயினைப் பல் மாற்றும் கியருக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. இறங்கித் தள்ளுவதை வெட்கமாகவும், கியர் போடுவதைச் சோம்பேறித்தனமாகவும் எண்ணும் பையன்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெலோசியோவை அறிமுகப்படுத்தி வையுங்கள்.

கியர் ஏற்றத்துக்கு என்றால், இறக்கத்தில் மிதிக்காமலே சில்லை ஓடவிடுவது பிரீவீல். பின்சில்லின் நடுவே இருக்கும் அதை யாராவது கழற்றும்போது கட்டாயம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டுக் கழுவினால் கறுப்பு கிரீஸ் கரைந்து, கடுகை விடக் கொஞ்சம் பெரிய குண்டுகள் பளபளவென்று உருளும். உள்வட்டத்தில் நகம் அளவு இரண்டு கொக்கிகள். ஒவ்வொன்றையும் தலைமுடி போன்ற ஒரு சுருள் கம்பி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வெளிவட்டத்தின் உட்புறத்தில் ரம்பம் போலச் சாய்ந்த பற்கள். முன்னால் மிதிக்கும்போது கொக்கி பல்லில் மாட்டிச் சில்லை இழுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் பற்கள் கொக்கியின் முதுகைத் தடவிக்கொண்டு நழுவும். இறக்கத்தில் கேட்கும் அந்த 'கிர்ர்ர்' சத்தம் இதுதான். அந்தச் சுருள் கம்பி அழுக்கில் ஒட்டிக்கொண்டால் பெடல் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. மழையும் மூடுபனியும் உள்ள நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும்.

இனி இறக்கம். இதைப் பற்றி விளையாட்டாக எழுத எனக்கு மனம் வராது. 78 கிலோ 100 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வரும்போது வெளிப்படும் சக்தி சுமார் 76,000 ஜூல். வேகத்தைக் கட்டுப்படுத்தி மெதுவாக வந்தால் அதில் பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாக மாறித்தான் தீரவேண்டும். எவ்வளவு சூடு? 4000 அடிக்கு மேல் உள்ள வட்டகொடையில் குழாயிலிருந்து பிடித்த குளிர்ந்த தண்ணீரில் ஒரு கிளாஸ் கொதிக்க வைக்கலாம். ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கத்துக்கும் ஒரு பிளேன்டீ. அத்தனையையும் தாங்குவது கட்டைவிரல் அளவு ரப்பர்த் துண்டுகள்.

மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் அந்த ரப்பர் முதல் சில சுற்றுகளுக்குக் கிட்டத்தட்ட பிடிப்பதே இல்லை. முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். எனக்கு அது பதின்மூன்று வயதில் தெரிந்தது. தூறல் விட்ட நேரம், வளைவு வரை பிரேக்கைத் தொடாமல் வந்து, வளைவில் மொத்தமாக அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. நேராகத் தேயிலைக்குள். கவ்வாத்து வெட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, மொட்டைக் கிளைகள் ஈட்டிபோல நின்றன. முழங்கையிலிருந்து தோள் வரை கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டு பிரேக்கையும் இலேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைத் துடையுங்கள். கட்டை தேய்ந்த சைக்கிளைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். கியர் இல்லாத சைக்கிளை ஏற்றத்தில் தள்ளலாம், பிரேக் இல்லாத சைக்கிளுக்கு இங்கே மாற்று இல்லை.

2022ஆம் ஆண்டு ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விற்பதையே அரசாங்கம் நிறுத்தியபோது நாடு முழுவதும் சைக்கிளைத் தேடியது. விலையும் ஏறியது. யாழ்ப்பாணத்துக்கு அது புதிதில்லை. யுத்த காலத்தில் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் ஆண்டுக்கணக்காகச் சைக்கிளிலேயே வாழ்ந்த ஊர் அது. வண்டியைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டவர்கள் அவர்கள். மலைநாட்டில் சைக்கிள் வாங்கிய பலர் சில மாதங்களில் அதைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். கால் பலமில்லை என்று தங்களையே நொந்துகொண்டார்கள். பல்லை எண்ணச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கடைக்குப் போனால் நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்க்கும் முன் பல்லை எண்ணுங்கள். முன்னால் உள்ள மிகச் சின்னச் சக்கரமும் பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையாக இருந்தால் அது நம் ரோட்டில் ஏறும். பழைய ஜப்பான் சைக்கிள்களில் பின்சில்லின் நடுவுக்குள்ளேயே மூன்று கியர் அடங்கியிருக்கும். மழைக்கு அது நல்லது, சேறு உள்ளே போகாது. ஆனால் அதன் சின்னக் கியர் நடுக் கியரைவிடக் கால்வாசிதான் குறையும், வட்டகொடைக்கு அது போதாது. பின்னால் பெரிய பல்சக்கரம் ஒன்று மாற்றிப் போடச் சொல்லுங்கள், பெரிய செலவில்லை. மின்மோட்டார் வைத்தவையும் வந்துவிட்டன. 250 வாட் மோட்டார் என்றால் உங்களைப் போல மூன்று பேர் கூடவே மிதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விலைதான் இன்னும் எட்டவில்லை.

தங்கச்சி மகளுக்குப் போன வருஷம் பழைய கியர் சைக்கிள் ஒன்று வாங்கினோம். முன்னால் 28, பின்னால் 28. ஒரு சனிக்கிழமை அவள் ஸ்டேஷன் பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் என் அம்மா, தலையில் கவ்வாத்து விறகுக் கட்டு. இரண்டு பேருக்கும் ஒரே வேகம். அவள் மிதித்துக்கொண்டே பேசுகிறாள், அம்மா நடந்துகொண்டே பதில் சொல்கிறார். பீலிக்கரை வந்ததும் பிள்ளை நின்று ஒரு காலை ஊன்றினாள்.

"அம்மாயி, கட்ட கரியர்ல வைங்க."

"ஏறுமாடி இது?"

"ஏறும். மெதுவாத்தான் ஏறும். நீங்க பின்னால புடிச்சுக்கிட்டு வாங்க."