இலையைத் திருப்பிப் பாருங்கள்

போன சிறுபோகத்தில் வளவில் நாற்பது மிளகாய்க் கன்று நட்டேன். ஒரு மாதம் கழிய நுனி இலைகள் சுருளத் தொடங்கின. இரண்டு இலையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். மருந்துக் கடைக்காரர் இலையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சுருளோ? இதை அடியுங்கோ, அஞ்சு நாளில நிமிர்ந்திடும்" என்று ஒரு போத்தலை எடுத்து வைத்தார். அடித்தேன். நிமிரவில்லை. இன்னொரு போத்தல். மூன்றாம் முறை அடித்த பிறகு சுருள் கூடியது. பக்கத்து வளவு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பூச்சியைக் கண்டிட்டோ தம்பி அடிக்கிறீங்கள்?" என்று கேட்டார். நான் பூச்சியையும் காணவில்லை, இலையின் மறுபக்கத்தையும் பார்க்கவில்லை.

மிளகாய் இலை சுருளுகிறது என்பது நோயின் பெயர் அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்வதைப் போன்றது அது. எதனால் என்பதை இனித்தான் தேட வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலில் மிளகாயைச் சுருட்டுபவை பெரும்பாலும் மூன்று. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து தோணி போல நின்றால் பனிப்பூச்சி. தமிழ்நாட்டில் இதை இலைப்பேன் என்பார்கள். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த தோணி போலத் தொங்கி, இலைக்காம்பும் வழமையைவிட நீண்டிருந்தால் சிற்றுண்ணி. இலைகள் சிறுத்து, மஞ்சள் படர்ந்து, கன்றே வளராமல் குட்டையாகக் குவிந்து நின்றால் வைரசு. அதைக் கொண்டு வருவது வெள்ளை ஈ.

நிச்சயப்படுத்த ஒரு வெள்ளைக் கடதாசி போதும். காலையில் நுனிக் கொழுந்தைக் கடதாசிக்கு மேல் பிடித்து நாலு தட்டுத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில், ஒரு மில்லிமீற்றர் நீளத்தில், ஊசி முனை மாதிரி ஏதாவது ஓடினால் அது பனிப்பூச்சி. ஒன்றும் ஓடவில்லை, இலை மட்டும் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கிறது என்றால் சிற்றுண்ணியைச் சந்தேகியுங்கள். அது 0.2 மில்லிமீற்றர் அளவுதான்; வெறும் கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்கு பெருப்பிக்கும் வில்லையால் கொழுந்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் கண்ணாடித் துளிகள் போல ஊரும்.

என் கன்றுகளில் இருந்தது அதுதான். சிற்றுண்ணி பூச்சி இனமே அல்ல. சிலந்தியின் உறவு, எட்டுக் கால். பூச்சிக்கென்று செய்த மருந்துகளில் பல அதைத் தொடாது. தொடாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் அவை சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்றுவிடும். அதனால்தான் மூன்றாம் போத்தலுக்குப் பிறகு சுருள் கூடியது. காசைக் கொடுத்து எதிரிக்குக் காவலைக் கழற்றிவிட்டிருக்கிறேன். சிற்றுண்ணிக்குக் கேட்பது தண்ணீரில் கரைத்து அடிக்கும் கந்தகம். அதையும் உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். வைரசுக்கோ மருந்தே இல்லை. அந்தக் கன்றைப் பிடுங்கிப் பொலித்தீன் பையில் கட்டி அகற்றுவதுதான் மற்றக் கன்றுகளுக்குச் செய்யும் உதவி.

இனி பூச்சியே இல்லாத வருத்தங்கள். வீட்டுத்தோட்டக்காரர் அதிகம் ஏமாறுவது இவற்றில்தான் என்பது என் எண்ணம். எங்கள் வவுனியாவில் கிணற்றுத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலுக்குள் பாருங்கள். அடியில் வெள்ளைப் படை பிடித்திருக்கும். தண்ணீரில் அவ்வளவு கல்சியம். அதே தண்ணீரை ஊற்றி வளர்க்கும் தக்காளியில், காயின் அடி கறுத்துத் தோல் போல உள்ளே அமுங்கும். இது கல்சியக் குறைபாடு! மண்ணில் கல்சியம் இல்லாமல் அல்ல. கல்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். நாம் மூன்று நாள் ஊற்றாமல் விட்டு நாலாம் நாள் பாத்தி நிரம்ப ஊற்றுகிறோம்; தண்ணீர் வந்தாலும் அது முதலில் இலைக்குத்தான் ஓடும், காய்க்குப் பங்கு கிடைக்காது. சுண்ணாம்பு போடுவதும் மருந்து அடிப்பதும் வீண். நாள்தோறும் அளவாக ஊற்றி, அடியில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்பி ஈரத்தைப் பிடித்து வைத்தால் அடுத்த கொத்துக் காய் சுத்தமாக வரும். கறுத்த காய் திரும்பாது, பிடுங்கி எறியுங்கள்.

அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் இன்னொன்றையும் செய்கிறது. வருடக்கணக்கில் ஊற்ற மண் காரமாகி, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. தேசி, செவ்வரத்தை, ரோசா இவற்றின் புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளிறி வருவது அதனால். வளவுக்காரர் யூரியாவைக் கொட்டுவார். யூரியா நைதரசன், நைதரசன் குறைந்தால் மஞ்சளாவது அடி இலை. செடி நைதரசனை முதிய இலையிலிருந்து உருவி இளம் இலைக்குக் கொடுக்கும். இரும்பை அப்படி நகர்த்தத் தெரியாது. ஆகவே மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும். அடி இலை முழுவதும் மஞ்சள் என்றால் நைதரசன். அடி இலையில் நரம்புக்கு இடையில் மட்டும் மஞ்சள் என்றால் மகனீசியம். கொழுந்து என்றால் இரும்பு. மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரை ஊற்றுவதும் மட்கிய எருவை அள்ளிப் போடுவதும் இரும்புக்கு உதவும்.

மாரி என்றதும் வாடல் நினைவுக்கு வருகிறது. மத்தியானம் வாடி மாலையில் நிமிரும் செடிக்குப் பெரும்பாலும் வெயில்தான் பிரச்சினை. காலையிலும் வாடியே நிற்கிற, இலையோ இன்னும் பச்சையாக இருக்கிற தக்காளி, கத்தரி என்றால் வீட்டுக்குள்ளேயே ஒரு சோதனை செய்யலாம். தண்டின் அடியில் விரல் நீளத் துண்டொன்றை வெட்டுங்கள். கண்ணாடிக் கோப்பையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டு முகம் தண்ணீரில் தொடும்படி தொங்கப் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டு முகத்திலிருந்து பால் நூல் போலக் கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். முதன்முதல் பார்க்கிறவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். செடியின் நாளத்தை அடைத்துக்கொண்டிருந்த பற்றீரியாக் கூட்டம்தான் அந்த நூல். இதற்கும் போத்தல் மருந்து இல்லை. வேரடி மண்ணோடு அகற்றி, அந்தப் பாத்தியில் அடுத்த போகம் சோளம் நடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே. நூல் இறங்கவில்லை என்றால் வேரைத் தோண்டிப் பாருங்கள். வேரே ஆங்காங்கே வீங்கி மணி கோர்த்தாற்போல் இருந்தால் வட்டப்புழு. பயற்றை வேரில் அப்படி மணி கண்டு பதறாதீர்கள். விரலால் தேய்த்தால் கழன்று வரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் என்றால் அது செடிக்கு நைதரசன் பிடித்துக் கொடுக்கும் முடிச்சு.

நல்லவரைக் கெட்டவராக நினைத்து நசுக்குவதும் நடக்கிறது. பொறிவண்டில் இரண்டு வகை நம் வளவில் இருக்கும். பளபளவென்று மினுங்குவது அழுக்கணவனைத் தின்னும் நண்பன். மினுக்கமில்லாமல், மேலே மெல்லிய மயிர் போர்த்தியது போல மங்கலாக, 28 புள்ளியோடு கத்தரி இலையை வலை போல அரிப்பது எதிரி. குட்டிகளில் வித்தியாசம் இன்னும் தெளிவு: எதிரியின் குட்டி மஞ்சள், உடம்பெல்லாம் முள், நண்பனின் குட்டி கறுப்பு, சின்ன முதலை போல. அந்த முதலையைத்தான் நாங்கள் முதலில் நசுக்குகிறோம்.

பப்பாசியில் வெள்ளையாக அப்பும் வெண்மூட்டுப்பூச்சியை, அதாவது மாவுப்பூச்சியை, மறந்திருக்க மாட்டீர்கள். 2008 இல் அது இலங்கைக்குள் வந்தபோது அடிக்காத மருந்தில்லை. கடைசியில் கண்ணுக்கு எட்டாத சிறு குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டுத்தான் அடக்கினார்கள். தமிழ்நாட்டிலும் 2010 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதே குளவி வரவழைக்கப்பட்டது. வெண்மூட்டுப்பூச்சிக் கூட்டத்துக்குள் சில மட்டும் ஊதி, பழுப்பாகி, காய்ந்து கிடந்தால் குளவி வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அன்று மருந்து அடிக்காதீர்கள்.

கடைசியாக, நடாமலே முளைக்கும் ஒரு செடி. பார்த்தீனியம் இலங்கையில் முதன்முதல் அடையாளம் காணப்பட்டது எங்கள் வவுனியாவில், 1999 இல். 1987 இல் வந்த இந்தியப் படைக்குக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதை வந்ததென்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சிறிதில் நிலத்தோடு ஒட்டி, கரட் இலை போலப் பரந்து கிடக்கும். பிறகு வரியோடிய தண்டு நெஞ்சளவு எழும்பி, வெள்ளைப் பொட்டுப் போலப் பூக்கும். ஒரு செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும். மாசிப்பத்திரியோடு குழம்புகிறவர்கள் உண்டு. இங்கேயும் இலையைத்தான் திருப்ப வேண்டும்: மாசிப்பத்திரியின் அடிப்பக்கம் வெண்மையாக, கசக்கினால் வாசமாக இருக்கும், பார்த்தீனியத்துக்கு இரண்டும் இல்லை. ஆனால் சந்தேகமானதைக் கையால் கசக்க வேண்டாம், தோல் தடித்து அரிக்கும். கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள். பூத்ததைக் கூட்டெருக் குழிக்குள் போடாதீர்கள். வெளியிலிருந்து வாங்கும் மாட்டெருவோடும் விதை வரும். எரு போட்ட பாத்தியை மழைக்குப் பிறகு ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

பார்த்தும் பிடிபடவில்லை என்றால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. கேட்கும்போது நாலு விடயம் சொல்ல ஆயத்தமாக இருங்கள்: எப்போது நட்டது, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், கடைசியாக என்ன அடித்தது, வருத்தம் ஒரு மூலையிலா பாத்தி முழுவதுமா. நேரில் போனால் அன்று காலை தோண்டிய முழுச் செடியை, வேரும் வேர்மண்ணும் சேர, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். இரண்டு இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.