உங்களுக்குத் தெரியுமா? பந்து மாறினால் ஆட்டமே மாறும்!

மதுரை ஸ்னூக்கர் பார்லர்களில் கியூவை மாற்றி மாற்றிப் பார்க்கும் தம்பி, தங்கைகளே! மேசையில் உருளும் பந்தையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். ஆட்டத்தில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

● ஸ்னூக்கருக்கு முறையான விதிகள் எழுதப்பட்டது நம் ஊட்டியில்! 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஆட்டம் இது. 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் இதன் விதிகளை எழுதி மாட்டினார்கள். அந்தக் காலத்தில் நல்ல பந்து என்றால் யானைத் தந்தப் பந்துதான்.

● மீனாட்சியம்மன் கோயில் யானை பார்வதியைப் பார்த்திருப்பீர்கள். ஆசியப் பெண் யானைகளுக்கு நீண்ட தந்தம் வளராது. அதனால் இங்கே தந்தத்துக்காக உயிரை விட்டவை ஆண் யானைகள். ஒரு தந்தத்தைக் கடைந்தால் நாலைந்து பந்து தேறுவதே பெரிது. ஸ்னூக்கருக்கோ 22 பந்து வேண்டும். கணக்குப் போட்டாலே நெஞ்சு பதறுகிறது.

● அத்தனை உயிரைக் கொடுத்தும் தந்தப் பந்து சரியாக ஓடியதா என்றால், இல்லை. தந்தத்தின் நடுவே நரம்பு ஓடிய துளை உண்டு. அது பந்தின் நட்டநடுவில் அமையாவிட்டால் எடை ஒரு பக்கம் சாயும். நேராக அடித்தாலும் பந்து வளைந்து போகும். வறண்ட காற்றில் தந்தம் சுருங்கும், ஈரத்தில் உப்பும். சித்திரை வெயிலில் ஓடிய பந்து ஐப்பசி மழையில் வேறு மாதிரி ஓடும்!

● தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1863-ல் அமெரிக்காவில் அறிவித்தார்கள். அதற்காக முனைந்த ஜான் வெஸ்லி ஹயட் உருவாக்கியதுதான் செல்லுலாய்டு. சினிமாவை உயிராக நேசிக்கும் மதுரைக்காரர்களுக்கு ஒரு செய்தி: ஆரம்பகாலத் திரையரங்குகளில் ஓடிய படச்சுருளும் இதே வகைப் பொருள்தான்.

● இன்றைய தரமான பந்துகள் பினாலிக் ரெசினால் ஆனவை. 1907-ல் லியோ பேக்லேண்ட் கண்ட பேக்லைட்டின் வழி வந்தது இது. பெல்ஜியத்தின் அராமித் பந்துகள் இந்த வகையில் பேர்பெற்றவை. விலை குறைந்த பாலியஸ்டர் பந்து புதிதாக இருக்கும்போது பளபளக்கும். சீக்கிரமே கீறல் விழுந்து மங்கிவிடும். பினாலிக் பந்து கடினமானது. துணியில் உரசும் சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

● ஸ்னூக்கர், இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் இரண்டுக்கும் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. பூல் பந்து 57.15 மி.மீ. பாக்கெட்டே இல்லாத கேரம் பில்லியர்ட்ஸில் 61.5 மி.மீ. ரஷ்யப் பிரமிட் ஆட்டத்தில் 68 மி.மீ.! ஸ்னூக்கரில் பழகியவர் பூல் மேசைக்குப் போனதும் அடி பிசகுவதற்கு, கனமான அந்தப் பெரிய பந்தும் ஒரு காரணம்.

● வெள்ளைப் பந்து சுழலாமல் வழுக்கிக்கொண்டே போய் இன்னொரு பந்தை நேருக்கு நேர் மோதினால், அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இரண்டும் ஒரே எடை என்பதற்கு அதுவே சாட்சி. வெள்ளை கனமாக இருந்தால் மோதிய பிறகும் முன்னே நகரும்; லேசாக இருந்தால் பின்னே வரும். காசு போட்டு ஆடும் சில பூல் மேசைகளில் வெள்ளைப் பந்து மட்டும் பெரிதாகவோ கனமாகவோ இருக்கும், உள்ளே விழுந்ததும் தனியாகப் பிரிந்து வருவதற்காக. அங்கே பந்தைப் பின்னுக்கு இழுத்துவரப் பெரும்பாடு படவேண்டும்.

● குறி சரி, அடியும் சரி, ஆனாலும் பந்து துள்ளித் திசை மாறுகிறதா? ஆட்டக்காரர்கள் இதைக் ‘கிக்’ என்பார்கள். இரண்டு பந்தும் தொடும் புள்ளியில் ஒட்டியிருக்கும் சாக் தூள், ஒரு கணம் அவற்றைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. கோடையில் தெருப் புழுதி உள்ளே வரும் நம் ஊரில், மெல்லிய ஈரத் துணியால் பந்துகளைத் துடைத்து, உலரவைத்து ஆடுவது அவசியம்.

● 2025-ல் தோஹாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்றவர் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன். பந்தின் அளவு உலகம் முழுக்க ஒன்றே என்பதால்தான், உள்ளூரில் பழகிய கை கடல் கடந்தும் கைகொடுக்கிறது. மதுரைப் பிள்ளைகளுக்கும் நல்ல பந்து கிடைக்க வேண்டும்.

● பார்லர் நடத்துபவர்களே! ஒரு பந்து தொலைந்தால், கிடைத்ததை வாங்கிச் சேர்த்துவிடாதீர்கள். தேய்ந்த பழைய பந்துகளோடு புதியது எடையிலும் விட்டத்திலும் ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். வித்தியாசம் அதிகம் தெரிந்தால் முழு செட்டையும் மாற்றிவிடுங்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் அடி அப்போதுதான் படியும்.