தனிநபர் நீரூர்தி: புறப்படும் முன் செய்ய வேண்டிய பாதுகாப்புச் சோதனைகள்

தனிநபர் நீரூர்தி என்பது அமர்ந்தோ நின்றோ ஓட்டப்படும் சிறிய இயந்திரப் படகு ஆகும். பேச்சுவழக்கில் இது வாட்டர் ஸ்கூட்டர், ஜெட் ஸ்கீ என அழைக்கப்படுகிறது. இவற்றுள் ஜெட் ஸ்கீ என்பது ஜப்பானின் கவாசாகி நிறுவனம் 1970களில் அறிமுகப்படுத்திய ஊர்தியின் வணிகப் பெயராகும்.

இயங்கும் முறை

இவ்வூர்தியின் அடிப்புறத்தில் உள்ள கம்பித் தடுப்பு வழியாக நீர் உறிஞ்சப்படுகிறது. உள்ளே சுழலும் இம்பெல்லர் அந்நீரைப் பின்புறக் குழாய் வழியாக வேகமாகப் பீய்ச்சுவதால் ஊர்தி முன்னே செல்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் குழாயின் வாய் திரும்பி, ஊர்தியும் திரும்பும். ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்டால் நீர்ப்பாய்ச்சல் குறைந்து, திருப்பும் ஆற்றல் பெரும்பாலும் போய்விடும். ஆனால் ஊர்தி தொடர்ந்து முன்னே சறுக்கும். பல மாதிரிகளில் பிரேக்கும் இல்லை. எனவே கரையில் கவனிக்கத் தவறிய கோளாறு, நீரில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கரையில் செய்ய வேண்டியவை

- வடிகால் அடைப்பான்கள்: பின்புறத்தில் உள்ள இவை இறுக மூடப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் உள்ளே நீர் புகுந்து ஊர்தி மூழ்கலாம்.
- எரிபொருள் ஆவி: பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, ஊர்தியின் அடித்தளத்தில் தங்கும். இருக்கையைக் கழற்றிச் சில நிமிடங்கள் காற்றோட்டம் விட வேண்டும். பெட்ரோல் வாடை இருந்தால் இயந்திரத்தை இயக்கக் கூடாது. தீயணைப்பான் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.
- ஆக்சிலரேட்டர், கைப்பிடி: ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டதும் அது தானாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கைப்பிடியோடு குழாயின் வாயும் இருபுறமும் தடையின்றித் திரும்ப வேண்டும்.
- நீர் உறிஞ்சும் பகுதி: பாசி, கயிறு, நெகிழிப் பை போன்றவை சிக்கியிருந்தால், இயந்திரம் நின்றிருக்கும்போது மட்டுமே அகற்ற வேண்டும்.
- எரிபொருள் அளவு: மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு இருப்புக்கு என்பது பொதுவான கணக்கு.

பாதுகாப்புக் கயிறு

இதன் ஒரு முனை இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்சிலும், மறு முனை ஓட்டுநரின் மணிக்கட்டிலோ உயிர்காப்பு உடுப்பிலோ இணைக்கப்படும். ஓட்டுநர் விழுந்தால் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். இல்லையெனில் ஆளில்லா ஊர்தி நீந்துபவர்கள் மீது பாயக்கூடும். நீரில் இறக்கியதும் கயிற்றை இழுத்து, இயந்திரம் நிற்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

ஆழமும் உடையும்

ஆழமற்ற நீரில் இயக்கினால் மணலும் கூழாங்கற்களும் உள்ளே உறிஞ்சப்படும். தேவையான ஆழம் மாதிரிக்கேற்ப சுமார் 60 முதல் 90 செ.மீ. வரை வேறுபடுவதால் கையேட்டைப் பார்க்க வேண்டும். ஓட்டுநரும் உடன் செல்பவரும் உடலுக்குப் பொருந்தும் உயிர்காப்பு உடுப்பை அணிய வேண்டும். பின்புறம் விழுபவரின் உடலுக்குள் நீர்ப்பாய்ச்சல் புகுந்து கடும் உட்காயம் ஏற்படுத்தலாம். சாதாரண நீச்சலுடை அதைத் தடுக்காது. ஆகவே தடித்த வெட்சூட் கால்சட்டை பரிந்துரைக்கப்படுகிறது.

வாடகைக்கு எடுப்போர்

சோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று கருதக் கூடாது. கயிறு வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துக்கொள்வதும், கவிழ்ந்தால் எந்தப் பக்கமாக நிமிர்த்துவது என்று கேட்டறிவதும் அவசியம். தவறான திசையில் புரட்டினால் இயந்திரத்துக்குள் நீர் புகலாம். சரியான திசை ஊர்தியின் பின்புறத்தில் பொதுவாகக் குறிக்கப்பட்டிருக்கும்.