தவாவை விடுங்கள், கேமராவைப் பாருங்கள்

நான்ஸ்டிக் தவாவில் பூசியிருக்கும் டெஃப்லான் நாசாவின் கொடை என்று பலமுறை படித்திருப்பீர்கள். அது கட்டுக்கதை. டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் 1938-இல் தற்செயலாகக் கண்டெடுத்த பொருள் அது. நாசா பிறந்ததே 1958-இல்தான். செருப்பிலும் பையிலும் கர்ரென்று பிய்கிற வெல்க்ரோவும் ஜார்ஜ் த மெஸ்த்ரால் என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் வேலை. விண்வெளி ஆய்வுக்கு ஆகும் செலவை நியாயப்படுத்த இப்படிப் பட்டியல் நீட்டுவதில் கெடுதல்தான் அதிகம். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையான உதாரணமும் சேர்ந்து அடிபடும். அந்த உண்மையான உதாரணம் உங்கள் சட்டைப்பையில், செல்போனின் முதுகில் இருக்கிறது.

டிஜிட்டல் படம்பிடிப்புக்கு வழிதிறந்த சிசிடி சில்லை 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினார்கள். அதற்கு 2009-இல் நோபல் பரிசும் கிடைத்தது. தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, கிட்டத்தட்ட அப்படித்தான் அது வேலை செய்கிறது. வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம் மின்னூட்டம் சேரும். அதைப் பக்கத்துப் புள்ளிக்கு, அடுத்ததற்கு என்று தள்ளிக்கொண்டே போய்ச் சில்லின் ஓரத்தில் அளக்க வேண்டும். ஆயிரம் கை மாறினாலும் சொட்டு சிந்தக் கூடாது. பூமியில் இது நடக்கும், படமும் அருமையாக வரும். விண்வெளியில் கதிர்வீச்சு பட்டுப் பட்டு, வரிசையில் நிற்பவர்களின் கை நடுங்கத் தொடங்கிவிடும். கைமாற்றலுக்கு மின்சாரமும் நிறையச் செலவாகும்.

1990-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசமுக்கு வந்த வேலை, விண்கலக் கேமராவைச் சிறிதாக்குவது. அவருடைய குழு அந்த நீண்ட வரிசையையே கலைத்துவிட்டது. புள்ளிக்கு ஒரு பெருக்கியை வைத்து, மின்னூட்டத்தைச் சேர்ந்த இடத்திலேயே படிக்க வைத்தது. கணினிச் சில்லுகள் தயாராகும் அதே சிமாஸ் முறையில் இதைச் செய்ததால், கேமராவின் மற்ற மின்சுற்றுகளும் அதே சில்லில் ஏறிக்கொண்டன. 1995-இல் ஃபோட்டோபிட் என்ற நிறுவனம் இதற்காகவே தொடங்கப்பட்டது. 2001-இல் மைக்ரான் அதை வாங்கியது. இன்று டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வதும், கார் பின்னால் நகரும்போது திரையில் வழி தெரிவதும், விழுங்கிய மாத்திரை குடலைப் படம்பிடிப்பதும் இவ்வகைச் சில்லால்தான்.

நாசா இல்லாவிட்டாலும் இது வந்திருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புள்ளிதோறும் பெருக்கி என்ற யோசனையை 1968-இலேயே பீட்டர் நோபல் எழுதிவிட்டார். ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் சிமாஸ் கேமரா ஆய்வு நடந்தது. படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைக் குறைத்த கண்டுபிடிப்பு, ஜப்பானில் என்இசி நிறுவனத்தின் நொபுகாசு தெரானிஷியுடையது. ஆக, இது நாசா தனியாகப் பெற்ற பிள்ளை அல்ல. ஆனால் 1968-இல் வந்த யோசனை இருபது ஆண்டுக்கு மேல் ஏன் கிடப்பில் கிடந்தது? சில்லு செய்யும் நுணுக்கம் அதுவரை போதவில்லை என்பது பாதி பதில். மீதி, வீடியோ கேமரா செய்தவர்களுக்கு சிசிடியே போதுமாக இருந்தது என்பது. பேட்டரி தீர்ந்தால் வாங்கியவர் மாற்றிக்கொள்வார். வியாழனுக்குப் போகிற கலத்தில் யார் மாற்றுவது? எடை, மின்சாரம், கதிர்வீச்சு என்று மூன்று பக்கமும் நெருக்கிய இடம் விண்கலம். சந்தைக்கு அந்த நெருக்கடி இல்லை. நிதியை நேரடியாகக் கேமரா ஆய்வுக்கே தந்திருக்கலாம் என்பவர்களிடம் ஒரு கேள்வி: 1990-இல் செல்போனுக்குக் கேமரா வேண்டும் என்று எந்த அரசு பணம் ஒதுக்கியிருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், யாருக்காகச் செய்தார்களோ அவர்களிடம் அது தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி வழி பார்த்தது சிசிடி கேமராக்களால். 2021-இல் இறங்கிய பெர்சிவரன்ஸின் வழிகாட்டும் கேமராக்களில் இருப்பது, சந்தையில் விற்பனைக்கு இருந்த 2 கோடி பிக்சல் சிமாஸ் சில்லு.