தோய்க்கக் கூடாத ஜக்கெற்

லண்டனிலிருந்து வந்திருந்த என் சின்னம்மாவின் மகன், தன் பழைய ஜக்கெற்றைச் சவர்க்காரம் போட்டுத் தோய்க்க எடுத்த அம்மாவிடம் ஓடிவந்தான். "பெரியம்மா, அது தோய்க்கிற உடுப்பில்லை!"

மெழுகு பூசிய பருத்தித் துணியாம். சவர்க்காரமும் சுடுநீரும் பட்டால் மெழுகு போய்விடும். குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சினால் துடைத்தாலே போதுமாம். உட்புறத்தில் 'பார்பர்' என்று பெயர் இருந்தது. முடிவெட்டும் தொழிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது ஒரு குடும்பப் பெயர்.

அந்தக் குடும்பத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். 1894 இல் வடகிழக்கு இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் துறைமுக நகரில் ஜோன் பார்பர் என்பவர், மீனவர்களும் மாலுமிகளும் நனையாதிருக்க எண்ணெய்த்துணி உடுப்புகளை விற்கத் தொடங்கினார். 1936 இல் அவரது பேரன் டங்கன், மோட்டார் சைக்கிள் பிரியர், ஓட்டப் போட்டியாளர்களுக்கென ஓர் உடையை உருவாக்கினார். ஓடும்போது வரைபடத்தைச் சுலபமாக எடுப்பதற்காகவே இடது மார்புப் பை சாய்வாகத் தைக்கப்பட்டது. 1964 இல் கிழக்கு ஜேர்மனியில் நடந்த ஆறுநாள் போட்டியில் நடிகர் ஸ்டீவ் மக்குயினும் இதைத்தான் அணிந்தார். படங்களில் எல்லாரும் காட்டுவது அவரைத்தான்.

சகோதரிகளே, என்னை நிறுத்தியது 1968 ஆம் ஆண்டு. அவ்வாண்டு குடும்பத்தின் இன்னொரு ஜோன் பார்பர், இளம் வயதிலேயே திடீரென இறந்துபோனார். மனைவி மார்கிரட் ஓர் ஆசிரியை. முப்பது வயதுகூட ஆகவில்லை. கையில் சின்னஞ்சிறு மகள் ஹெலன். கணவரை இழந்த பெண்களோடு வேலை செய்யும் நான் எத்தனையோ துக்க வீடுகளைக் கண்டிருக்கிறேன். கடையை யார் பார்ப்பது, காணியை யார் பொறுப்பெடுப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்துவிடுவார்கள். அடுத்த அறையில் இருப்பவளை ஒருவரும் கேட்பதில்லை.

மார்கிரட்டுக்கும் தையல் தொழில் தெரியாது. மாமியார் நான்சியோடு சேர்ந்து நிறுவனத்துக்குள் போனார். ஒவ்வொரு பகுதியாக வேலையைப் பழகினார். 1972 இல் தலைவரானார். குதிரை ஓட்டுவோருக்காக, பின்புறம் இரு வெட்டுகளுடன் 1980 இல் வந்த 'பெடேல்', 1983 இன் 'போஃபோர்ட்' இரண்டும் அவர் வடிவமைத்தவை. மோட்டார் சைக்கிள் உடையை அறியாதவர்களும் இவற்றை அறிவார்கள். பின்னர் 'டேம்' பட்டமும் கிடைத்தது.

இவ்வளவையும் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "மெழுகு தேய்ந்தால்?"

மெழுகு ரின்னைச் சுடுநீரில் வைத்து இளக்கிப் பஞ்சால் திரும்பத் தேய்க்கலாம் என்றான் தம்பி. கிழிந்தால் சவுத் ஷீல்ட்ஸுக்கே அனுப்பலாம். ஒட்டுப் போட்டுத் தருவார்கள். அவனுடைய முழங்கைப் பகுதியில் அப்படியொரு ஒட்டு இருந்தது. அம்மா அதன் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.